மாற்றுப்பொருளில் செய்த ஜெர்மன் ராணுவக் களப்பொருட்கள்: சேகரிப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் தரைப்படை வீரர்கள் சுமந்து திரிந்த குடுவை, டப்பா, உறை, முகமூடி, துணி ஆகியவற்றைப் பற்றிய பக்கம் இது. தோல், ரப்பர், பருத்தி, அலுமினியம் கிடைக்காத இடங்களில் வேறு பொருளை வைத்துச் செய்தவை மட்டும் இங்கே. துப்பாக்கி, பதக்கம் பக்கம் போகவில்லை.

எதற்காக மாற்றுப்பொருள்? அவ்வளவு தட்டுப்பாடா?

ரப்பர், பருத்தி, செம்பு, வெள்ளீயம், நல்ல கம்பளி, பதனிட்ட தோல் ஆகியவற்றுக்கு ஜெர்மனி பெரும்பாலும் வெளிநாடுகளை நம்பியிருந்தது. முதல் உலகப் போரில் பிரிட்டன் கடல்வழியை அடைத்தபோது பட்ட பாடு நினைவில் இருந்ததால், அடுத்த போருக்கு முன்பே மாற்றுத் தேடத் தொடங்கினார்கள். 1936-இல் நாஜித் தலைவர்களில் ஒருவரான கோரிங்கின் பொறுப்பில் நான்காண்டுத் திட்டம் வந்தது. ரப்பருக்குப் பதில் ப்யூனா எனும் செயற்கை ரப்பர், பருத்தியோடும் கம்பளியோடும் கலக்க மரக்கூழிலிருந்து எடுத்த ரேயான் இழை, தோலுக்குப் பதில் கூழை அழுத்திச் செய்த பிரஸ்டாஃப், உலோகத்துக்கும் மரத்துக்கும் பதில் பேக்லைட் எனும் கெட்டியான பிசின் பிளாஸ்டிக் என்று வரிசை நீண்டது. அலுமினியத்தின் கதை வேறு. விமானத் தொழிலுக்கு அது போய்விட்டதால், வீரனின் குடுவையும் சாப்பாட்டுத் தூக்கும் இரும்புத் தகட்டுக்கு மாறின.

மாற்றுப்பொருள் என்றாலே 1944, 1945-ஐச் சேர்ந்தது என்கிறார்களே?

விற்பவர்கள் அப்படிச் சொல்வதுண்டு. விலையைக் கூட்ட அது வசதி. ஆனால் உண்மை அவ்வளவு நேர்க்கோட்டில் இல்லை. 1933 மாதிரிக் களத் தொலைபேசியின் பெட்டியே பேக்லைட்தான். போர் தொடங்க ஆறு ஆண்டுகளுக்கு முன்பே அதை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார்கள்: அழுகாது, துருப்பிடிக்காது, மின்சாரம் கடத்தாது. துப்பாக்கி ஈட்டியின் கைப்பிடியில் நடந்தது இதற்கு நேர் எதிர். மரம் போய் பேக்லைட் வந்தது. போரின் பிற்பகுதியில் பேக்லைட் போய் மரம் திரும்பியது.

அதனால் பொருளை மட்டும் வைத்து ஆண்டைச் சொல்லாதீர்கள். அந்தக் குறிப்பிட்ட சாமானில் எது எதற்குப் பின் வந்தது என்ற வரிசை தெரிந்தால்தான் பொருள் பேசும். இடுப்பு வார் பக்கிளில் வரிசை தெளிவு: 1936 மாதிரி அலுமினியம் முதலில், போர் தொடங்கியபின் வண்ணம் பூசிய இரும்பு. தலைக்கவசத்தில் காற்றுத் துளைக்கான தனி வளையத்தை விட்டுவிட்டுத் தகட்டிலேயே அடித்தது 1940; விளிம்பை உள்ளே மடிக்காமல் அப்படியே வெட்டி விட்டது 1942. இவை மாற்றுப்பொருள் அல்ல, உழைப்பு மிச்சம். இரண்டையும் ஒரே கூடையில் போடக்கூடாது.

புதிதாகத் தொடங்குபவர் எதை வாங்கலாம்?

வெண்ணெய் டப்பாவும் குடுவையும். வெண்ணெய் டப்பா என்பது திருகு மூடியுள்ள வட்டமான பேக்லைட் டப்பா. கொழுப்பு, வெண்ணெய், பழக்கூழ் வைக்க வீரனின் ரொட்டிப் பையில் கிடந்தது. ஆரஞ்சு, பழுப்பு, கறுப்பு, பச்சை எனப் பல நிறங்களில் ஏராளமாகச் செய்தார்கள், ஏராளமாக மிஞ்சியும் இருக்கின்றன. கையில் எடுத்துப் பழக இதைவிட நல்ல பொருள் இல்லை. பிரஸ்டாஃப் உறைகளை முதல் ஆண்டில் வாங்க வேண்டாம். விலை அதிகம், போலி அதிகம், கெட்டுப்போவதும் அதிகம்.

குடுவையில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

1931 மாதிரிக் குடுவை 0.8 லிட்டர் கொள்ளும். உள்ளே புட்டி, வெளியே ஃபெல்ட் (இழைகளை அழுத்திச் செய்த தடித்த துணி) உறை, பக்கவாட்டில் டிச் பட்டன், மேலே கவிழ்த்து வைக்கும் குவளை, இவற்றை இறுக்கிப் பிடிக்கும் வார். இந்த ஐந்தும் ஒரே காலத்தவையா என்பதுதான் முதல் கேள்வி. ஏனென்றால் கைமாறிக் கைமாறி வரும்போது நல்ல புட்டிக்கு வேறு குவளை, நல்ல குவளைக்குப் புதிய வார் என்று சேர்ந்துவிடும்.

புட்டி முதலில் அலுமினியம். 1942-43 வாக்கில் எனாமல் பூசிய இரும்புப் புட்டிகள் வருகின்றன. செம்பழுப்பு எனாமல் அதிகம். காந்தம் வைத்தால் அரை நொடியில் தெரியும். உறையைக் கழற்றாமலே கழுத்தில் வைத்துப் பார்க்கலாம். தயாரிப்பாளரின் எழுத்துக்களும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும் பெரும்பாலும் கழுத்துப் பகுதியில் குத்தப்பட்டிருக்கும். குவளையிலும் தனி முத்திரை இருக்கும். இரண்டும் ஓரிரு ஆண்டு முன்பின் இருந்தால் பொருந்தும். புட்டியில் 38, குவளையில் 43 என்றால் பின்னால் யாரோ சேர்த்தது.

ஃபெல்ட் உறையில் தையல் ஓரம் பாருங்கள். போர்க்கால ஃபெல்ட்டில் பழைய துணியைக் கிழித்தெடுத்த இழை கலந்திருப்பதால், உள்பக்கத்தில் வேறு வேறு நிறத்துத் துணுக்குகள் தென்படும். ஒரே சீரான, பஞ்சு போல மெத்தென்ற ஃபெல்ட் என்றால் சந்தேகப்படுங்கள். எனாமல் புட்டியில் வாய் விளிம்புதான் முதலில் சில்லு பெயரும். அங்கிருந்து துரு உள்ளே இறங்கும். உள்ளே ஒரு சிறு விளக்கை விட்டுப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

சேகரிப்போர் ‘தேங்காய்க் குடுவை’ என்று அழைக்கும் வகை ஒன்று உண்டு. அலுமினியப் புட்டியின் மேல் பிசின் ஊறிய மர இழையை அழுத்திக் கவசமாக ஒட்டியது. தேங்காய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. கவசத்தில் நெடுக்காக வெடிப்பு விழுந்தால் ஒட்ட முயலாதீர்கள். உள்ளே உலோகம் சூட்டில் விரியும்போது ஒட்டு மறுபடி திறந்து, பக்கத்தில் புது வெடிப்பையும் உண்டாக்கும்.

இந்தக் குடுவை, குவளை எதிலும் குடிக்க வேண்டாம். பழைய பேக்லைட்டில் சூடான பானம் ஊற்றுவது இன்னும் கெடுதல்.

பேக்லைட்டா, இன்றைய பிளாஸ்டிக்கா? வீட்டில் எப்படிச் சோதிப்பது?

சுட்ட ஊசியால் குத்திப் பார்க்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். பேக்லைட் உருகாது என்பது சரிதான், ஆனால் குத்திய தழும்பு என்றைக்கும் போகாது. அடர்த்தியை அளப்பதே நம்பகமான வழி. உலோகப் பாகம் இல்லாத டப்பா, குவளை போன்றவற்றுக்கு மட்டும் இதைச் செய்யலாம்.

0.1 கிராம் வரை காட்டும் எண்தராசு ஒன்று போதும். முதலில் பொருளை உலர்ந்த நிலையில் நிறுத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டு, தராசில் ஏற்றி, எண்ணைப் பூச்சியமாக்குங்கள். பொருளை மெல்லிய நூலில் கட்டி முழுதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலும் ஓரத்திலும் படக்கூடாது, காற்றுக் குமிழி ஒட்டியிருக்கக்கூடாது. இப்போது தராசு காட்டும் கிராம் எண்தான் பொருளின் கன அளவு. உலர் எடையை அதனால் வகுங்கள். 84 கிராம் டப்பா தண்ணீரில் 60 காட்டினால் அடர்த்தி 1.4. மரத்தூள் கலந்த பேக்லைட் இதைச் சுற்றித்தான் இருக்கும். இன்றைய ஏபிஎஸ், பாலிஸ்டைரீன் இரண்டும் ஏறக்குறைய 1.05. அச்சில் ஊற்றும் பாலியூரித்தேன் 1.1-ஐ ஒட்டி நிற்கும். பாலிப்ரொப்பிலீன் மிதக்கும்.

ஒரு நிமிடத்துக்குள் வெளியே எடுத்துத் துடைத்து, ஒரு நாள் நிழலில் காயவிடுங்கள். மேல் பளபளப்பு தேய்ந்த இடத்தில் மரத்தூள் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஊறவிட்டால் அந்த இடம் சொரசொரப்பாகி வெளுக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். பொடி கலந்த பாலியெஸ்டர் போலிகள் 1.4-ஐயும் தாண்டும், போருக்குப் பின் வந்த அசல் பேக்லைட்டும் அதே எண்ணைக் காட்டும். மறுபக்கம், ஜெர்மனியில் 1930-களிலேயே டிரோலிட்டூல் என்ற பெயரில் பாலிஸ்டைரீன் இருந்தது. வானொலிக் கருவிப் பாகங்களில் அடர்த்தி குறைவாக வந்தால் உடனே போலி என்று தள்ளிவிடக்கூடாது.

அடர்த்தியோடு அச்சின் தடத்தையும் பாருங்கள். பேக்லைட்டை இரண்டு பாதி அச்சுக்குள் வைத்துச் சூட்டில் நசுக்குவார்கள். பிதுங்கி வரும் மெல்லிய ஓரத்தை அரத்தால் தேய்த்து எடுப்பார்கள். அந்த அரத் தடம் விளிம்பைச் சுற்றி இருக்கும். அடிப்பாகத்தின் நடுவில் சிறு வட்டக் குமிழ்த் தழும்பு இருந்தால் அது ஊசிமுனை வழியே பிளாஸ்டிக்கைப் பீய்ச்சிய இன்றைய அச்சு. இன்னொன்று மணம்: விளிம்பைச் சுடுதண்ணீரில் பத்து நொடி காட்டி முகர்ந்தால், பேக்லைட் கார்பாலிக் சோப்பு வாசம் அடிக்கும்.

அடியில் ‘எம்-பி’ முத்திரை இருக்கிறது. அது போதுமா?

போதாது. பெர்லின்-டாலேமில் இருந்த அரசுப் பொருள் சோதனை நிலையத்தின் கண்காணிப்பில் செய்த பிசின் பொருட்களில் அந்த முத்திரை இருக்கும். ஒன்றோடொன்று பிணைந்த எழுத்துக்களின் அருகே ஓர் எண் எந்த ஆலை அழுத்தியது என்பதைச் சொல்லும். இன்னொரு குறி கலவை வகையைச் சொல்லும். எஸ் என்றால் மரத்தூள், டி என்றால் துணித்துணுக்கு, கே என்றால் யூரியா பிசின். துணித்துணுக்கு போட்டது அடி தாங்கும். உடைந்த ஓரத்தில் நார் தெரியும். மரத்தூள் போட்டது கீழே விழுந்தால் வழுக்கலான முகத்தோடு சில்லாகும்.

இதே முத்திரை போருக்கு முன்பும் பின்பும், சமையலறைச் சாமான் முதல் மின்சுவிட்ச் வரை எல்லாவற்றிலும் போடப்பட்டது. நல்ல பொருள் என்பதற்குச் சான்று. ராணுவப் பொருள் என்பதற்குச் சான்றல்ல.

பிரஸ்டாஃபைத் தோலிலிருந்து எப்படிப் பிரித்தறிவது? ஏன் இப்படி உடைகிறது?

காகித, நார்க் கூழைப் பிசினோ ரப்பர்ப் பாலோ சேர்த்துத் தகடாக அழுத்தி, மேலே தோல் போன்ற சுருக்கத்தை அச்சிட்டு, வண்ணம் பூசியதே பிரஸ்டாஃப். மண்வெட்டி உறை, இயந்திரத் துப்பாக்கியின் கருவிப் பை, வரைபடப் பை, தொலைநோக்கி உறை எனப் பலவற்றில் வந்தது. வெட்டிய ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். தோலில் இழைகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும். இதில் அட்டை போல அடுக்கடுக்காக, சாம்பலும் பழுப்புமாக இருக்கும். மேல்சுருக்கமும் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும். வளைந்த இடத்தில் நேர்க்கோட்டில் வெடித்திருக்கும்.

வளைவைத் தாங்காது என்பது செய்தவர்களுக்கே தெரியும். அதனால்தான் பெரும்பாலும் மூடியின் கீல், இடுப்பு வார் நுழையும் வளையம், பூட்டும் வார் ஆகியவற்றில் அசல் தோலைத் தைத்தார்கள். முழுக்க முழுக்க பிரஸ்டாஃபிலேயே, வார் உட்பட, செய்த உறை புதிதுபோல் வந்தால் மிக நிதானமாகப் பாருங்கள்.

இனி பராமரிப்பு. தோலுக்குப் போடும் எண்ணெய், மெழுகு, சேடில் சோப்பு எதுவும் கூடாது. எண்ணெய் அடுக்குகளுக்கிடையே இறங்கி ஒட்டுப் பிசினை இளக்கும். ஆறு மாதத்தில் மேல் வண்ணத்தோல் கொப்பளித்து உரியும். தைத்த தோல் பாகத்துக்கு மட்டும் எண்ணெய் போடுகிறேன் என்பவர்களின் உறைகளிலும் தையல் துளை வழியே கறை பரவியிருப்பதைப் பார்க்கலாம். காய்ந்த மென்தூரிகை மட்டும் போதும். மூடியைத் திறந்து மூடிக் காட்டாதீர்கள். பாதி திறந்த நிலையில், உள்ளே அமிலமில்லாத காகிதத்தை உருட்டி வைத்து, அப்படியே விட்டுவிடுங்கள்.

மற்றக் குறியீடுகள்?

தோல், துணிப் பொருட்களில் முதலில் நிறுவனப் பெயரும் ஊரும் ஆண்டும் அடித்தார்கள். போர் தொடங்கியபின் பெயரை மறைக்கச் சிறிய எழுத்துக் குறிகள் வந்தன. 1942-க்குப் பிறகு ‘ஆர்பி’ என்று தொடங்கி, பூச்சியம், சாய்கோடு, நான்கு இலக்கம், சாய்கோடு, நான்கு இலக்கம் என்று போகும் ஆலை எண் வந்தது. 1940 என்று ஆண்டு அடித்த பையில் இந்த எண்ணும் இருந்தால் இரண்டில் ஒன்று பொய்.

புற ஊதா விளக்கில் நூல் ஒளிர்ந்தால் போலியா?

ஒளிர்வது ஓர் எச்சரிக்கை, தீர்ப்பல்ல. துணியை வெண்மையாகக் காட்டி, இந்த விளக்கில் ஒளிரும் சேர்மங்கள் போர்க்காலத்திலேயே ஜெர்மனியில் இருந்தன. அதைவிட முக்கியமாக, பின்னாளில் யாராவது சோப்புத்தூளில் துவைத்திருந்தால் அசல் துணியும் ஒளிரும். தையல் நூல் மட்டும் ஒளிர்ந்து துணி ஒளிராவிட்டால் பின்னால் தைத்திருக்கிறார்கள். நூலே பாலியெஸ்டர் என்றால் விவாதம் முடிந்தது. போர்க்கால ஜெர்மன் சாமானில் அது இருக்க வழியில்லை. நைலான் வகையை மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. பெர்லான் என்ற பெயரில் அவர்கள் 1938-இலேயே அதைச் செய்துவிட்டார்கள்.

அழுக்கான சட்டை, கூடாரத் துணியைத் துவைக்கலாமா?

கூடாது. ரேயான் நனைந்தால் அதன் வலுவில் ஏறக்குறைய பாதி போய்விடும். உலர்ந்தபோது முழுதாகத் தெரிகிற துணி, வாளியிலிருந்து தூக்கும்போது தன் நீர் எடையாலேயே கிழியும். பொத்தான்கள் இன்னொரு ஆபத்து. பிற்காலக் கூடாரத் துணிகளில் அலுமினியத்துக்குப் பதில் துத்தநாகமும் இரும்பும் உண்டு. சட்டை, கால்சட்டைகளில் காகிதத்தை அழுத்திச் செய்த பொத்தான்களும் உண்டு. அவை தண்ணீரில் ஊதி அடுக்கடுக்காகப் பிரியும். இரும்புப் பொத்தானைச் சுற்றித் துருக்கறை பரவினால் அதை எடுக்கவே முடியாது.

மென்மையான வலைத்துணியை மேலே விரித்து, குறைந்த இழுப்பில் வாக்குவம் கிளீனரால் தூசி எடுங்கள். கம்பளியைப் பூச்சி அரித்திருந்தால் பாலிதீன் பையில் காற்றை அகற்றிக் கட்டி, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விடுங்கள். இல்லாவிட்டால் ஈரம் துணியில் படியும். அந்துருண்டை வேண்டாம். அதன் ஆவி பழைய பிளாஸ்டிக்குகளை இளக்கிப் பிசுபிசுப்பாக்கும்.

துத்தநாகப் பாகத்தில் வெள்ளைப் பொடி. என்ன செய்வது?

இரண்டு நோய்கள் உண்டு. மேலே மட்டும் வெள்ளையாகப் பூத்திருந்தால் ஈரமும் அமில ஆவியும் காரணம். ஓக் மர அலமாரி, மலிவான அட்டைப்பெட்டி, ஒட்டுப்பலகை ஆகியவை அசிட்டிக் அமில ஆவியை விடும்; துத்தநாகத்துக்கு அது ஆகாது. இடத்தை மாற்றி, காய்ந்த தூரிகையால் தட்டினால் நிற்கும். பாகமே வீங்கி, வளைந்து, சிலந்திவலை போல வெடித்திருந்தால் அது வார்ப்பிலேயே கலந்த ஈயம் போன்ற அசுத்தம் செய்த வேலை. அதற்கு மருந்து இல்லை. தனியே எடுத்து வைத்து, அளவுகளையும் படத்தையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

முகமூடியை அதன் தகர உருளைக்குள்ளேயே வைக்கலாமா?

வேண்டாம். 1938 மாதிரி முகமூடி செயற்கை ரப்பர். கண்ணாடிக்கான பிளாஸ்டிக் செல்லுலோஸ் அசிடேட். அந்தப் பிளாஸ்டிக் வயதாகும்போது வினிகர் மணம் வரும். மூடிய உருளைக்குள் அந்த அமிலம் தேங்கி ரப்பரையும் தகரத்தையும் சேர்த்துக் கெடுக்கும். வெளியே எடுத்து, முக வடிவில் காகிதம் நிரப்பி, இருட்டில், காற்றோட்டமாக வையுங்கள். விறைத்த ரப்பரைச் சூடு காட்டி நிமிர்த்தினால் மடிப்பில் பிளக்கும். செம்பு, பித்தளை அருகே வேண்டாம். செம்பு ரப்பரின் சிதைவை விரைவுபடுத்தும்.

முகமூடியை அணிந்து பார்க்காதீர்கள். அந்தக் காலத்து வடிகட்டிகளில் கல்நார் இருக்கலாம். வடிகட்டியைத் திறக்கவும் கூடாது. முகமூடியோடு ‘லொசான்டின்’ என்று எழுதிய சிறு பேக்லைட் டப்பா வந்தால், உள்ளே இருப்பது தோலில் பட்ட நச்சுத்திரவத்தைப் போக்கும் குளோரின் மாத்திரை. பொடியாகி உலோகத்தை அரிக்கும். காலி டப்பாவே வாங்குங்கள்.

இவற்றை யார் செய்தார்கள்?

சேகரிப்பவர் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டியது இது. போர்க்கால ஆலைகளில் கட்டாயத் தொழிலாளர்களும் வதைமுகாம் கைதிகளும் வேலை வாங்கப்பட்டார்கள். ஆஷ்விட்ஸ் அருகே ப்யூனா ஆலை கட்ட, ஐ.ஜி. ஃபார்பன் என்ற ரசாயன நிறுவனத்துக்காக 1942 அக்டோபரில் மோனோவிட்ஸ் முகாம் திறக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே மடிந்தார்கள்; ஆலையிலிருந்து ப்யூனா வரவே இல்லை. சாக்சன்ஹவுசன் முகாமில் 1940 முதல் காலணிச் சோதனைத் தடம் இருந்தது. தோலுக்கு மாற்றான அடிப்பாகங்கள் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க, கைதிகளை நாளுக்கு 40 கிலோமீட்டர் வரை நடக்க வைத்தார்கள். நீங்கள் கையில் எடுக்கும் மாற்றுப்பொருளுக்குப் பின்னால் இந்தச் சோதனைகளும் உண்டு. காட்சிக்கு வைக்கும்போது அட்டையில் இதை எழுதாமல், பொருளின் சாமர்த்தியத்தை மட்டும் எழுதுவது பாதி உண்மை.

மண்ணில் தோண்டி எடுத்ததை வாங்கலாமா?

தோண்டி எடுத்த பேக்லைட் நன்றாகத் தாங்கியிருக்கும்; அதுவே ஆபத்தும். 1942-இன் ஷ்யூ கண்ணிவெடி மரப்பெட்டி; 1943-இன் கண்ணிவெடி ஒன்று கண்ணாடி; டோப்ஃப் கண்ணிவெடி அழுத்திய கூழ். மூன்றும் உலோகங்காட்டிக்குத் தப்பவே செய்தவை. இன்னதென்று தெரியாத குழாய், மூடி, டப்பா எதையும் திருகாதீர்கள்.

நடுவில் துளைவரிசையுள்ள நீள்வட்ட அடையாளத் தகடு உடையாமல் முழுதாக மண்ணிலிருந்து வந்தால், அதற்குரியவர் காணாமல்போன கணக்கிலேயே இருக்கக்கூடும். வீரன் இறந்தால் கீழ்ப்பாதியை உடைத்துப் பதிவுக்கு அனுப்புவதுதான் முறை. அத்தகைய தகட்டை வாங்கிப் பெட்டியில் வைக்காதீர்கள். எழுத்துக்களைக் குறித்து, பெர்லினில் ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்துக்குத் தெரிவியுங்கள். வீரர் பதிவுகள் 2019 முதல் அதன் பொறுப்பில் இருக்கின்றன.

ஸ்வஸ்திகா முத்திரை உள்ளதை ஜெர்மனியிலிருந்து வாங்கும்போது?

ஜெர்மன் குற்றவியல் சட்டம் 86 ஏ பிரிவின்படி நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவது குற்றம். ஆய்வு, கல்வி, வரலாற்று விளக்கத்துக்கு விலக்கு உண்டு. விற்பவர் படத்தில் சின்னத்தை மறைத்திருப்பது அதனால்தான். மறைத்த இடத்தின் தெளிவான படத்தைத் தனியே கேளுங்கள். பக்கிளில் தேய்மானமும் போலி வார்ப்பின் மழுங்கலும் அங்கேதான் தெரியும்.

வண்ணம் போனதற்கு மறுபூச்சு அடிக்கலாமா?

வேண்டாம். இரும்புக்கு மாறிய பொருளில் அசல் பூச்சின் அடுக்குதான் மிச்சமிருக்கும் சான்று. கறுப்புக்கு மேல் பச்சை, அதற்கு மேல் மணல் நிறம் என்று இருந்தால், அது எங்கெல்லாம் போனது என்பதற்கு வேறு எழுத்து இல்லை. துருவை மட்டும் நிறுத்துங்கள்: தளர்ந்ததை மூங்கில் குச்சியால் சுரண்டி, நுண்படிக மெழுகை மெல்லியதாகத் தடவினால் போதும். வாங்கிய அன்றே எடை, அளவு, முத்திரை, காந்தச் சோதனை, அடர்த்தி, விற்றவர் சொன்ன வரலாறு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, பொருளோடு வைத்துவிடுங்கள். விற்றவர் சொன்னதையும் நீங்கள் கண்டதையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள்.